டிரான்ஸ்பேரன்சி: கண்ணாடியா, வெளியா, அம்பலமா?

போன மாதம் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் வார்டு கூட்டம் நடந்தது. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில், வடகரையில் ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஓரத்தில் ரூய்போஸ் டீ, யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த பருப்பு வடை. வார்டு கவுன்சிலர் நின்றபடியே ஒரு மணி நேரம் பேசினார். ஒரு ரோடு ஒப்பந்தத்தின் காகிதங்களை மேயர் ஆபீஸில் கேட்டால் ரகசியம் என்கிறார்கள், எழுதிக் கேட்டாலும் பதில் இல்லை, மன்றத்தில் எழுந்து கேட்டால் மைக்கை அணைக்கிறார்கள் என்று ஒரே புலம்பல். அந்தப் பேச்சில் ‘டிரான்ஸ்பேரன்சி’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணத் தொடங்கி, பதினொன்றில் விட்டுவிட்டேன்.

எனக்குப் பக்கத்தில் ஒரு ஆயா. எண்பது தாண்டியவர், இந்தப் பக்கம் வீட்டுக்குள் தமிழ் பேசுகிற மிச்சம் மீதிப் பேரில் ஒருவர். என் கையைத் தட்டி, “வாத்தியாரே, அந்தத் தம்பி திரும்பத் திரும்பச் சொல்லுதே, அது என்ன?” என்றார். சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுப்பவன் என்பதால் இப்படிப்பட்ட கேள்வியெல்லாம் என் தலையில்தான் வந்து விழும். “வெளிப்படைத்தன்மை, ஆயா” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு, இதற்கு இங்கிலீஷே தேவலை என்று அர்த்தம். சரி, உட்கார்ந்து இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்துவிடுவோம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

டிரான்ஸ்பேரன்சி லத்தீனிலிருந்து வந்தது. ‘டிரான்ஸ்’ என்றால் ஊடே, ‘பரேரே’ என்றால் தோன்றுதல். ஒன்றின் ஊடே இன்னொன்று தெரிவதுதான் மூலப்பொருள், அதாவது கண்ணாடி, தண்ணீர், பளிங்கு இதெல்லாம். ஆட்சி நிர்வாகத்துக்கு இந்தச் சொல் பரவலாக ஒட்டிக்கொண்டது போன நூற்றாண்டில்தான். 1993ல் பெர்லினில் டிரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனல் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு தொடங்கிய காலத்தில் அது உலகம் முழுக்க ஊழலுக்கு எதிர்ச்சொல் போல ஆகிவிட்டது. அதே காலத்தில்தான் தென்னாப்பிரிக்காவில் புது அரசமைப்புச் சட்டத்தையும் எழுதிக்கொண்டிருந்தார்கள், அதனால் 1996 சட்டத்தின் 195ஆம் பிரிவில் இந்தச் சொல் அப்படியே ஏறி உட்கார்ந்துவிட்டது: மக்களுக்கு உரிய நேரத்தில், எளிதில் கிடைக்கும்படி, சரியான தகவலைக் கொடுத்து அதை வளர்க்க வேண்டும் என்று அங்கே இருக்கிறது. ஆப்பிரிக்கான்ஸில் ‘டெர்சிக்தெக்ஹைட்’ என்பார்கள், அதுவும் ஊடே பார்க்க முடிவதுதான்.

கண்ணாடி உவமை நமக்கும் புதிதல்ல. ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல்’ என்று குறளில் குறிப்பறிதல் அதிகாரத்தில் வருகிறது. பளிங்கு பக்கத்தில் இருப்பதன் நிறத்தைத் தன்னில் காட்டுவது போல, நெஞ்சில் மிகுந்ததை முகம் காட்டிவிடும் என்பது அங்கே பேச்சு. அழகான உவமைதான், ஆனால் நகராட்சிக்கு இது ஒத்துவருமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பளிங்கு சும்மா இருக்கிறது, அது எதுவும் செய்வதில்லை, தெரிவது தானாகத் தெரிகிறது. ஒப்பந்தக் காகிதம் அப்படியா? அது ஒரு அலமாரியில் இருக்கிறது, அலமாரிக்குச் சாவி இருக்கிறது, சாவி ஒருவர் பையில் இருக்கிறது. அவர் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு.

இந்த ஊர் நகராட்சிச் சண்டைகளைக் கொஞ்சம் கவனித்தால் எல்லாமே இந்த இடத்தில்தான் முட்டி நிற்கும். மேயர் தரப்பு எப்போதும் சொல்வது, “எல்லாம் வெளிப்படையாகத்தான் இருக்கிறது.” கவுன்சிலர் தரப்பு சொல்வது, “அப்படியென்றால் வெளியே எடுத்து வையுங்கள்.” இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள், ஆனால் ஒருவருக்கு அது பொருளின் குணம், இன்னொருவருக்கு ஆள் செய்ய வேண்டிய வேலை.

சட்டம் இதில் யார் பக்கம் என்று கேட்டால், பெரும்பாலும் வேலை என்று சொல்பவர் பக்கம்தான். அரசமைப்புச் சட்டத்தின் 160ஆம் பிரிவு, நகராட்சி மன்றம் தன் அலுவலைத் திறந்த முறையில் நடத்த வேண்டும், நடக்கும் அலுவலின் தன்மையைப் பார்த்து நியாயம் இருந்தால் மட்டுமே கதவை மூடலாம் என்கிறது. 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம் இன்னும் கறார்: பட்ஜெட், கடன் ஒப்பந்தம், குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட கொள்முதல் ஒப்பந்தம் எல்லாவற்றையும் நகராட்சி இணையதளத்தில் போட வேண்டும். மன்றத்தில் வைத்தால் அதிலிருந்து ஐந்து நாளுக்குள். மேயரே ஒவ்வொரு காலாண்டு முடிந்து 30 நாளுக்குள் நிதிநிலை பற்றி மன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். இது போதாதென்று 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டம் வேறு இருக்கிறது, இங்கிலீஷ் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பாயா என்பார்கள் (பாயசம் இல்லை), அதன்படி யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம், 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். ஒரு கவுன்சிலர் தன் சொந்த மன்றத்தின் காகிதத்துக்காக வழிப்போக்கன் மாதிரி பாயா மனு எழுதுகிறார் என்றால் அங்கே நிலைமை எப்படி என்று புரிந்துகொள்ளலாம்.

மூடி வைக்கவும் வழி இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். டெண்டர் முடிவாகும் முன் யார் என்ன விலை போட்டார்கள் என்பதையோ, ஓர் ஊழியரின் சொந்த விவரத்தையோ, கோர்ட்டில் நடக்கிற வழக்கின் ஆலோசனையையோ கேலரியில் உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் வாசிக்க முடியாதுதான். அந்த மாதிரி விஷயம் வந்தால் மன்றம் ‘இன் கமிட்டி’ போகும், பொதுமக்களும் நிருபர்களும் எழுந்து வெளியே போக வேண்டும். நியாயமான ஏற்பாடு. ஆனால் நிகழ்ச்சி நிரலில் பாதி இந்த வரிசையில் வந்தால், அல்லது நானூறு பக்க இணைப்பு கூட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு ஈமெயிலில் வந்து விழுந்தால், அதை என்ன சொல்வது? காகிதம் கொடுத்தாயிற்று, படிக்கத்தான் முடியாது. இது போக, ரகசியம் என்று முத்திரை குத்தியதை வெளியே சொன்னால் கவுன்சிலர் மேலேயே நடத்தை விதி பாயும். அதே விதித்தொகுப்பில், இது யாருடைய தகவல் பெறும் உரிமையையும் குறைக்காது என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை யாரும் உரக்கப் படிப்பதில்லை.

நடுவில் ஒரு சின்ன வேடிக்கை. மேயர் என்பது லத்தீன் ‘மயோர்’, பெரியவர் என்று பொருள். நம் ஊரில் பெரியவர் என்றால் எதிர்த்துக் கேள்வி கேட்க மாட்டோம், அந்தப் பழக்கம் மேயர் வரைக்கும் போய்விட்டது என்று நினைக்கிறேன். கவுன்சிலர் என்ற சொல் இன்னும் மோசம். இங்கிலீஷில் மன்ற உறுப்பினருக்கு ஒரு எழுத்து, ஆலோசனை சொல்பவருக்கு வேறு எழுத்து, தமிழில் எழுதும்போது இரண்டும் ‘கவுன்சிலர்’ ஆகிவிடும். சில மேயர்களும் இந்தத் தமிழ் எழுத்துமுறையைத்தான் பின்பற்றுகிறார்கள் போல, கவுன்சிலர் என்றால் ஆலோசனை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியவர் என்று. உண்மையில் மன்றம்தான் மேயரைத் தேர்ந்தெடுக்கிறது, மன்றத்துக்குத் தலைமை வகிப்பது மேயர் அல்ல, சபாநாயகர். இந்த மாகாணத்தில் வழக்கம் நிர்வாகக் குழு முறை, டர்பனை உள்ளடக்கிய எதெக்வினியிலும் அப்படித்தான், மேயர் அந்தக் குழுவின் தலைவர். 2021 தேர்தலில் எதெக்வினி மன்றத்துக்கு 222 இடம், அதில் 111 வார்டு, மீதி கட்சிப் பட்டியல். அத்தனை பேரில் மேயரும் ஒருவர், அவ்வளவுதான்.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். வெளிப்படை நேற்று மொழிபெயர்த்த சொல் அல்ல. தொல்காப்பியம் உரியியலில் ‘வெளிப்படு சொல்லே கிளத்தல் வேண்டா, வெளிப்பட வாரா உரிச்சொல் மேன’ என்கிறது. பொருள் தானே தெரிகிற சொல்லுக்கு விளக்கம் வேண்டாம், தெரியாத உரிச்சொல்லுக்குத்தான் வேண்டும் என்பது கருத்து. (இந்த விதிப்படி பார்த்தால் நான் இந்தக் கட்டுரையே எழுதியிருக்கக் கூடாது, ஆனால் ஆயாவுக்கு விளங்கவில்லையே.) வெளி என்றால் திறந்த இடம், வெட்டவெளி என்கிறோமே அது. படு என்பது துணைவினை. வெளியில் வந்து நிற்பது வெளிப்படு, அப்படி நிற்பது வெளிப்படை. கண்ணாடி என்றால் நடுவில் ஒரு தடுப்பாவது இருக்கிறது, ஊடே பார்க்கிறோம். வெளியில் தடுப்பே இல்லை. இந்த விதத்தில் தமிழ்ச் சொல் லத்தீனை விடக் கண்டிப்பானது.

சூலு மொழியும் நம் பக்கம்தான். அவர்கள் கண்ணாடியைத் தேடிப் போகவில்லை, ‘ஒபாலா’ என்கிறார்கள், திறந்த வெளியில் என்று அர்த்தம். ‘உகுபெகா ஒபாலா’ என்றால் வெளியில் எடுத்து வைத்தல், வெளிப்படுத்துதல். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு மொழி ஒன்றையொன்று கேட்காமலே ஒரே படத்தைப் போட்டிருக்கிறது. கூட்டம் முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு சூலு அம்மாவிடம் இதைச் சொன்னபோது, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, வேறு எப்படிச் சொல்வது என்று கேட்டார்.

கோளாறு எங்கே என்றால், பின்னால் ஒட்டின ‘தன்மை’யில். வெளிப்படு தன்வினை, தானே வந்து நிற்பது. வெளிப்படுத்து பிறவினை, ஒருவர் கொண்டுவந்து நிறுத்துவது. வெளிப்படைத்தன்மை என்றவுடன் செய்பவர் காணாமல் போய்விடுகிறார், ஏதோ வானிலை மாதிரி, இன்றைக்கு நகராட்சியில் வெளிப்படைத்தன்மை குறைவு, நாளை மிதமாக இருக்கலாம். இங்கிலீஷ் சொல்லிலும் அதே குறைதான், நாம் அதைப் பிசகாமல் கொண்டுவந்துவிட்டோம்.

மற்ற சொற்களையும் பார்த்துவிடலாம். ஒளிவுமறைவின்மை பேச்சுக்கு நெருக்கம், ஆனால் இல்லாததைச் சொல்லி இருப்பதை உணர்த்துகிறது, தலைப்பில் போட நீளம். பகிரங்கம் வடமொழி, அந்தரங்கத்துக்கு எதிர், இலங்கைத் தமிழர் வாயில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒளிபுகுதன்மை பௌதிகப் பாடத்துக்கு, அங்கேயே இருக்கட்டும்.

எனக்குப் பிடித்தது அம்பலம். அம்பலம் என்றால் பொது மன்றம், ஊர் கூடி வழக்குப் பேசுகிற இடம், தில்லையில் நடராசர் ஆடுகிற இடமும் அதுதான். அங்கே வந்தது எல்லோருக்கும் தெரியும் என்பதால் ‘அம்பலமாகிவிட்டது’ என்ற வழக்கு வந்தது. இன்றைக்கு அம்பலப்படுத்து என்றால் குற்றத்தை வெளியே கொண்டுவருவது என்று பொருள் குறுகிவிட்டது. மன்றத்துக்குக் கொண்டுவருவதும் குட்டை உடைப்பதும் ஒரே சொல்லாகிப் போனதால்தான், கவுன்சிலர் ஒரு காகிதம் கேட்டாலே மேயருக்குத் தன்னை அம்பலப்படுத்துகிறார்கள் என்று கோபம் வருகிறதோ என்னவோ.

இந்தக் கரையில் தமிழருக்கும் நகராட்சிக்கும் உள்ள உறவில் இந்தச் சொல்லுக்கு ஒரு கனம் இருக்கிறது. டர்பனில் பழையவர்கள் இன்னும் ‘கார்ப்பரேஷன்’ என்றுதான் சொல்வார்கள். தெருக் கூட்டவும் குப்பை அள்ளவும் அந்தக் கார்ப்பரேஷன் வைத்துக்கொண்ட தமிழரும் தெலுங்கரும் மேகசின் பேரக்ஸ் என்ற தொழிலாளர் குடியிருப்பில் இருந்தார்கள். வேலை உண்டு, ஓட்டு கிடையாது. 1924ல் நட்டாலில் இந்தியர்கள் நகராட்சி வாக்காளர் பட்டியலில் புதிதாகச் சேரும் வழியையும் அடைத்தார்கள். டர்பனின் முதல் மேயர், 1854ல், ஜார்ஜ் கேட்டோ. அவர் பெயரில் உள்ள கேட்டோ மேனரில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த நம் ஆட்களை, எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, பின்னால் இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்குக் கிளப்பினார்கள். யார் எந்தப் பக்கம் குடியிருப்பது என்ற வரைபடம் நகராட்சி மேசையில் விரிந்து கிடந்தபோது, அந்த அறையில் நம்மவர் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் ஒருவரும் இல்லை. ஆயாவின் அப்பா கேட்டோ மேனரில் கீரைப் பாத்தி வைத்திருந்தவர். வீட்டைக் காலி பண்ணு என்று கடிதம் வந்தபோதுதான் விஷயமே தெரியும் என்றார்.

சரி, அப்படியென்றால் எந்தச் சொல்? என் கட்சி இது: பெயர்ச்சொல்லாக வேண்டும் என்றால் ‘வெளிப்படை’ போதும், தன்மையைக் கழற்றிவிடலாம். வாக்கியம் எழுதும்போது வினையைப் போடுங்கள், வெளிப்படுத்த வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும். இந்தக் கடைசி வழக்குக்கு வயது ஆயிரத்துக்கு மேல். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் அடுத்த குடவோலையில் பெயர் எழுதத் தகுதி இழக்கிறார்கள்.

இதையெல்லாம் யோசித்து முடித்தபோது அடுத்த கூட்டத்துக்கு அறிவிப்பு எழுத வேண்டியிருந்தது. கோயில் பலகையில் இங்கிலீஷுக்குக் கீழே தமிழில் நானே எழுதினேன்: ‘ரோடு ஒப்பந்தக் கணக்கை வெளிப்படுத்தக் கோரிக் கூட்டம், செவ்வாய் மாலை 6 மணி.’ தன்மை இல்லை, பிறவினை இருக்கிறது, எனக்குத் திருப்தி. வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்த ஆயா கண்ணாடியை மூக்கில் இறக்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“யாரு வெளிப்படுத்தணும்? அதைப் போடலியே?”

‘கணக்கை’ என்பதற்கு மேலே ஒரு கூரைக்குறி போட்டு, பேனாவால் ‘மேயர்’ என்று எழுதினேன்.