ரீப்ளே சரியாக ஓடினால் மட்டும் போதாது

“ரீப்ளேயை கேமிலேயே போட்டுப் பாருங்கள், ஃபினிஷ் வரை சரியாக ஓடுகிறதே, அப்புறம் என்ன சந்தேகம்?” கேள்விக்குள்ளாகும் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் இதே வாதம் வந்து நிற்கிறது. 2021 மே மாதம் டிராக்மேனியா என்ற கார் பந்தய வீடியோ கேமில், வேகத்தைக் குறைத்து ஓட்டி ரெக்கார்டு போட்ட அவ்வளவு பெரிய ஏமாற்று வேலை அம்பலமான பிறகும் இது ஓயவில்லை. அலுத்துவிட்டது. ஆனாலும் இன்னொரு முறை விளக்குகிறேன்.

ரீப்ளே என்பது ஓட்டியதைக் கேமிலேயே திரும்ப ஓட்டிக் காட்டும் கோப்பு, வீடியோ அல்ல. எந்தக் கணத்தில் எந்தக் கீ அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற பதிவு அதில் இருக்கிறது. டிராக்மேனியாவின் இயற்பியல் கணக்கு 10 மில்லிவிநாடிக்கு ஒரு படியாக நகரும். அதே உள்ளீட்டைத் திரும்பக் கொடுத்தால் கார் இம்மி பிசகாமல் அதே கோட்டில்தான் போகும். ஆகவே சரிபார்ப்பு உறுதி செய்வது ஒன்றை மட்டும்தான்: இந்த வரிசையில் அழுத்தினால் இந்த நேரம் வரும். அழுத்திய கைக்கு எவ்வளவு அவகாசம் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. கேமை 60 சதவீத வேகத்துக்கு இறக்கி ஓட்டினால், 45 விநாடி ரன்னுக்கு நிஜத்தில் 75 விநாடி கிடைக்கும். கோப்பில் 45 விநாடிதான் பதிவாகும், சரிபார்ப்பிலும் தேறிவிடும்.

பிடிபடுவது விரல் தட்டும் எண்ணிக்கையில். நிஜ நேரத்தில் விநாடிக்கு 8 முறை தட்டும் கை, 60 சதவீத வேகத்தில் ஓட்டும்போது கோப்பில் 13 முறைக்கு மேல் தட்டியதாகப் பதிவாகும். அதே ஆள் லேன் போட்டியில், அதாவது எல்லோரும் ஒரே இடத்தில் கூடி ஆடும் போட்டியில், எல்லோர் கண்முன்னும் ஓட்டிய ரன்னில் அந்த எண்ணிக்கை வராது. கீபோர்டு ரன்னை கீபோர்டு ரன்னோடு மட்டும் ஒப்பிடுங்கள். கேம்பேடின் அனலாக் குச்சி சும்மா நடுங்கினாலே ஸ்டியரிங் மாற்றங்கள் குவியும். அதை வைத்து ஒருவரைக் குற்றம் சாட்டுவது அநியாயம். ஒரே ஒரு ரன்னை வைத்தும் முடிவெடுக்காதீர்கள். வெவ்வேறு டிராக்குகளில், வெவ்வேறு நாட்களில் ஓட்டியவை வேண்டும்.

நேர்மையாக ஓட்டுகிறவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளும் வழி எளிது. கேம் தானாகச் சேமிக்கும் ஆட்டோசேவ் ரீப்ளேக்களை அழிக்காதீர்கள். வெட்டிய கிளிப் போதாது. முழு செஷனையும் நேரலையில் விடுங்கள், கை தெரிய ஒரு கேமராவும் இருக்கட்டும். கேம் கடிகாரமும் நிஜக் கடிகாரமும் ஒன்றாக ஓடியதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஓட்டி முடித்த பிறகு வேகத்தை மாற்றிய வீடியோ அந்த வேலையைச் செய்யாது.

“பயிற்சிக்குத்தான் மெதுவாக்கினேன்” என்று சொல்லிக்கொண்டே அதே நேரத்தை லீடர்போர்டில் ஏற்றுகிறவர்களே, அது பயிற்சி அல்ல. வேகத்தை மாற்றும் மென்பொருளை மூடி, கேமைத் திரும்பத் தொடங்கி, அதன் பிறகு ரன் எடுங்கள். கருவியின் துணையோடு சாத்தியமான மிகக் குறைந்த நேரத்தைத் தேடுவது தனிக் கலை, எனக்கும் பிடிக்கும். அதை டாஸ் (TAS, கருவியின் துணையோடு எடுத்த ரன்) என்று பெயரிட்டுத் தனிப் பட்டியலில் போடுங்கள். ஒரு டிராக்கில் விநாடியில் நூற்றில் ஒரு பங்கைக் குறைக்க மாதக்கணக்கில் உட்காருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் இடத்தைப் பறிக்காதீர்கள்.

சந்தேகம் வந்தால் சாட்டில் பெயரைப் போட்டு ஏசாதீர்கள், தயவுசெய்து. மூல ரீப்ளே கோப்பு, ஒப்பிட எடுத்த ரன்கள், எந்தச் சாதனம் என்ற விவரம், மூன்றையும் சேர்த்து நடுவர்களுக்கு அனுப்புங்கள்.