நாத்தம் நின்னுடுச்சுன்னு படகுக்குள்ள இறங்காதீங்க

ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டின்னு எங்க போனாலும் விசைப்படகை கரையேத்தி சொரண்டுற சத்தமும் பெயிண்ட் வாசமும்தான். நல்ல விஷயம், அதை யாரும் குறை சொல்லல. ஆனா இதே மாசங்கள்ல எங்க கேஷுவால்டிக்கு ஒரு வகை கேஸ் வரும். வருஷா வருஷம் வருது, வருஷா வருஷம் கூட வந்தவங்க அதே பதிலைத்தான் சொல்றாங்க: "நாத்தமே இல்லையே டாக்டரம்மா, அதான இறங்குனான்." இந்த வருஷமும் கேட்டாச்சு. நைட் டூட்டி முடிஞ்சு தூங்கப் போகாம உக்காந்து டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

அடையாளம் தெரியக்கூடாதுன்னு சிலதை மாத்திட்டுதான் சொல்றேன். ரொம்ப நாளா ஓடாம கிடந்த மரப்படகு, ஒருத்தர் வாங்கி மராமத்து பாக்குறார். மீன் அறையோட தட்டுப்பலகையை எடுத்தா கீழ ஏரா (படகோட முதுகெலும்பு மாதிரி இருக்குற அடிக்கட்டை) ஓரமா, வங்குக்கும் வங்குக்கும் (விலா எலும்பு மாதிரி இருக்குற சட்டங்கள்) நடுவுல, கறுப்புச் சேறு. பழைய மீன் தண்ணி, ஐஸ் உருகுன தண்ணி, டீசல், மழைத்தண்ணி எல்லாம் சேந்து மாசக்கணக்கா ஊறிக்கிடந்தது. மூடியை தொறந்தப்ப அழுகின முட்டை நாத்தம் குப்புனு அடிச்சிருக்கு, சரின்னு தொறந்து போட்டுட்டு டீ குடிக்க போயிட்டாங்க. திரும்பி வந்து பாத்தா நாத்தம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சாம். ஒரு பையன் மண்வெட்டியோட இறங்கி அள்ளிக் குடுத்துட்டே இருந்திருக்கான், கொஞ்ச நேரத்துல வாளி மேல வரல. எட்டிப்பாத்த அவன் மச்சான் "மாப்ள மயங்கிட்டான்டா"ன்னு கத்திக்கிட்டே குதிச்சுட்டார், அவரும் சாஞ்சுட்டார், அதுவும் முகம் சேத்துக்குள்ள. மூணாவதா ஒருத்தர் காலை உள்ள வெச்சப்ப பக்கத்துப் படகுல வேலை பாத்த ஓடாவி (படகு கட்டுற தச்சர்) அவரை சட்டையைப் பிடிச்சு வெளிய இழுத்திருக்கார். அந்த மனுஷன் மட்டும் இல்லேன்னா கணக்கு வேற மாதிரி ஆகியிருக்கும். பையன் பொழைச்சுட்டான். காப்பாத்த குதிச்ச மச்சானை எங்களால மீட்க முடியல.

இது இந்த ஊர்ல மட்டும் நடக்குற கதை இல்ல. இந்த மாதிரி அடைஞ்ச இடத்துல சாகுறவங்கள்ல 60 சதவீதத்துக்கு மேல, காப்பாத்தணும்னு பின்னாடியே இறங்கினவங்கதான்னு அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நியோஷ் 1986-லயே எழுதி வெச்சிருக்கு. அந்த வரியை ஒவ்வொரு தடவயும் நேர்ல பாக்குறோம்.

உள்ள என்ன வாயு, எப்படி உண்டாகுதுன்னு கெமிஸ்ட்ரி பாடம் எடுக்க வரல. மீன் கழிவும் கடல் தண்ணியும் காத்துப்படாம அழுகினா ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், அவ்வளவுதான். எனக்கு எரிச்சல் வர்றது அந்த மூக்கு விஷயத்துலதான், அதை கொஞ்சம் பொறுமையா படிங்க.

அழுகின முட்டை நாத்தம் வர்றது வாயு *கம்மியா* இருக்கும்போது. ஒரு பிபிஎம் கூட வேண்டாம், அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல ஒரு பங்குக்கும் கீழ இருந்தாலே நம்ம மூக்கு கண்டுபிடிச்சுடும். அளவு ஏற ஏற நாத்தமும் ஏறும்னுதான நினைப்போம்? அப்படி நடக்காது. 100 பிபிஎம் பக்கம் போனா சில நிமிஷத்துலயே மூக்கு மரத்துப்போகும், நாத்தம் *தெரியாது*. அங்க இருந்து இன்னும் ஏறி 500, 700-ன்னு போனா ஆள் நினைவு இழந்து விழுந்துடுவார், 1000-த்தை தொட்டா ஒண்ணு ரெண்டு மூச்சுலயே கீழ. கம்மி அளவுல கூட, ரொம்ப நேரம் அங்கயே நின்னா மூக்கு பழகிப்போயிடும். ஆக நாத்தம் போச்சுன்னா காத்து சுத்தமாச்சுன்னும் இருக்கலாம், மூக்கு செத்துப்போச்சுன்னும் இருக்கலாம். ரெண்டுல எதுன்னு உங்களாலயும் சொல்ல முடியாது, நாப்பது வருஷம் கடல் பாத்த உங்க பெரியப்பாவாலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது. வாயு அளக்குற மீட்டர்தான் சொல்லும்.

இன்னொண்ணு, இந்த வாயு காத்தை விட கனம். குடத்துல தண்ணி நிக்கிற மாதிரி படகோட அடியில நிக்கும். மேல மூடிகிட்ட நின்னு மோந்து பாத்துட்டு "ஒண்ணும் இல்ல, இறங்கு"ன்னு சொல்றது அதனாலதான் அர்த்தமே இல்லாத வேலை. அதோட, சேறு சும்மா கிடக்குறவரைக்கும் வாயுவை தனக்குள்ள பிடிச்சு வெச்சிருக்கும், நீங்க மண்வெட்டி போட்டு கிளறின நிமிஷம் மொத்தமா விடும். காலைல மீட்டர் வெச்சு பாத்தோம் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்றவங்களுக்கும் இதேதான் பதில், காலைல நீங்க கிளறல.

அப்புறம் விளக்கு. கிணத்துல தூர் வார இறங்குறதுக்கு முன்னாடி விளக்கு எறக்கி பாப்பாங்கல்ல, அதே பழக்கத்துல படகுக்குள்ளயும் மெழுகுவர்த்தியை கயித்துல கட்டி விடுறாங்க. விளக்கு அணைஞ்சா ஆக்சிஜன் கம்மின்னு அர்த்தம், அது வரைக்கும் சரி. அணையலேன்னா? ஆளைக் கொல்ற அளவுக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலும் விளக்கு ஜம்முனு எரியும். உள்ள தின்னரோ பெட்ரோலோ ஊத்தியிருந்தா விளக்கோட சேந்து நீங்களும் எரிவீங்க. தயவுசெய்து இந்த பழக்கத்தை விடுங்க.

துண்டு, கர்ச்சீப், கொரோனா காலத்து மாஸ்க், என்95, எதுவும் வாயுவை நிறுத்தாது, அது தூசிக்கு. கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வாங்கி வெச்சிருக்கோம்ங்கிறவங்களுக்கும் சொல்றேன், அது காத்தை வடிகட்டும், இல்லாத ஆக்சிஜனை உண்டாக்காது. வேலைக்கு முன்னாடி பால் குடிச்சா, பின்னாடி வாழைப்பழம் சாப்பிட்டா விஷம் முறியும்ங்கிறதுக்கு என்கிட்ட பதிலே இல்ல. பசிச்சா சாப்பிடுங்க.

பழைய படகை புதுசாக்குறப்ப உள்ள சுத்தம் பண்ண என்னென்னவோ ஊத்துறாங்க. டீசல் பிசுக்கு போகலன்னு பெட்ரோல் ஊத்தி தேய்க்கிறது தற்கொலைக்கு சமம், ஒரு லைட் சுவிட்ச் போதும். பிளீச்சிங் பவுடர் போட்டு கழுவிட்டு அது மேலயே ஆசிட் ஊத்துனா குளோரின் வாயு வரும், நெஞ்சு எரிஞ்சு இருமிக்கிட்டே வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு தாங்க ரெண்டையும் கலந்தோம்னே தெரியல. அந்த கறுப்புச் சேத்து மேல ஆசிட் ஊத்துனா இன்னும் மோசம், ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். "காத்தோட்டத்துக்கு" வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டரை உள்ள தொறந்து விடுறதை எவர் கண்டுபிடிச்சாரோ தெரியல, ஆக்சிஜன் கூடினா எண்ணெய் பட்ட துணி கூட பத்திக்கும். பெட்ரோல்ல ஓடுற பம்பு, ஜெனரேட்டரை படகுக்குள்ள எறக்காதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு நாத்தமே கிடையாது. ஃபைபர் போடுறவங்க ஹார்டனரையும் ஆக்சிலரேட்டரையும் நேரா ஒண்ணா கலந்துடாதீங்க, வெடிக்கும். ஹார்டனர் கண்ணுல தெறிச்சா உடனே பக்கத்துல இருக்குற நல்ல தண்ணியில விடாம கழுவிக்கிட்டே இருங்க, அப்புறமா கிளம்பி வாங்க, பார்வையே போகுற விஷயம் அது. பலகைக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுறவங்க கையில கொப்புளத்தோட வருவாங்க, கையுறை போடச் சொன்னா சிரிக்கிறாங்க.

சரி, எப்படித்தான் சுத்தம் பண்றது? முதல்ல ஆள் இறங்காம எவ்வளவு முடியுமோ அவ்வளவு பண்ணுங்க. மேல நின்னே ஹோஸ் போட்டு தண்ணி அடிச்சு, சேத்தை கரைச்சு, பம்பு வெச்சு வெளிய எடுங்க, கிளம்புற வாயு உங்க முகத்துல படாத மாதிரி காத்து உங்க முதுகுல அடிக்கிற பக்கமா நில்லுங்க. அந்த ஓடாவி சொன்னது எனக்கு ரொம்ப பிடிச்சுது, எப்படியும் மாத்தப்போற அடிப்பலகைதான, கரையேத்தினதும் அதை முதல்ல கழட்டிடுங்க, தண்ணி தானா வடியும், கீழ இருந்தே காத்தும் வரும்னார். முப்பது வருஷ அனுபவம் பேசுது. அதுக்கப்புறம் எல்லா மூடியையும் தொறந்து, புளோயரை வெளிய நல்ல காத்துல வெச்சு, குழாயை அடிவரைக்கும் விட்டு, வேலை முடியுற வரைக்கும் நிறுத்தாம ஓட்டுங்க. ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு, தீப்பிடிக்கிற வாயுன்னு நாலையும் பாக்குற மீட்டர் இருக்கு, ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்கு கீழ இருந்தா இறங்கக்கூடாது. தனியா ஒரு சம்மாட்டிக்கு (படகு முதலாளிக்கு) அது செலவுதான், சங்கத்துல சேந்து ஒண்ணு வாங்கி துறைமுகத்துல வெச்சா எல்லாருக்கும் ஆகும். இறங்குறவர் உடம்புல பெல்ட்டும் கயிறும், மேல ஒருத்தர் கயித்தைப் பிடிச்சுட்டு, அவர் போன் பாக்கக்கூடாது, டீ வாங்க போகக்கூடாது, பீடி கண்டிப்பா கூடாது.

மீறி யாராவது விழுந்துட்டா, கயிறு கட்டியிருந்தா இழுங்க. கட்டலேன்னா இறங்காதீங்க. தம்பியா இருந்தாலும், பெத்த மகனா இருந்தாலும். கல்நெஞ்சக்காரின்னு நினைச்சாலும் பரவாயில்ல, இதை கெஞ்சிக் கேக்குறேன். புளோயரை முழு வேகத்துல உள்ள திருப்பி விடுங்க, தீயணைப்புக்கு 101-ல அடிச்சு படகுக்குள்ள விஷவாயு, ஆள் மாட்டியிருக்குன்னு சொல்லுங்க, மூச்சுக்கருவி அவங்ககிட்டதான் இருக்கும். 108-ம் கூப்பிடுங்க. வெளிய எடுத்ததும் ஈரத் துணியை கழட்டிட்டு, மூச்சு இல்லேன்னா நெஞ்சை அழுத்த ஆரம்பிங்க, வாயோட வாய் வெச்சு ஊதாதீங்க. ஆசிட், தின்னர் எது பயன்படுத்துனீங்களோ அந்த டப்பாவையும் எடுத்துட்டு வாங்க, லேபிளைப் பாத்தா எங்களுக்கு அரை மணி நேரம் மிச்சம்.

உள்ள போயிட்டு தலைசுத்தலோட தப்பிச்சு வந்தவங்களும் வரணும். வந்தா ஒரு ராத்திரி இருக்கச் சொல்வோம், ஏன்னா நுரையீரல்ல நீர் கோக்குறது பல மணி நேரம் கழிச்சு கூட ஆரம்பிக்கும், குளோரினும் அப்படித்தான். தடை முடிஞ்சுடுச்சு, கடலுக்கு போகணும், ஐஸ் ஏத்தியாச்சு, டீசல் போட்டாச்சுன்னு சொந்தப் பொறுப்புல கையெழுத்துப் போட்டுட்டு கிளம்புறவங்களை நான் தடுக்க முடியாது. ஆனா அந்த கையெழுத்தைப் போடுறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்குறவங்களை ஒரு தடவ வார்டுக்கு வரச்சொல்லுங்க, அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்.