அந்த இடத்தில் யார் உட்காருவது?

மதுரைக்குப் பக்கத்தில் உள்ள கல்லூரி ஒன்றில் குழந்தை வளர்ச்சி பற்றிப் பேசுவதற்கு அவ்வப்போது என்னைக் கூப்பிடுவார்கள். நான் பேச்சு, மொழிப் பயிற்சியாளர். ஊர் வழக்கில் ‘ஸ்பீச் தெரபி மேடம்’. சென்ற முறை பேச ஆரம்பிக்கும் முன்பே ஒரு கேள்வியைப் போட்டேன்: “நாளைக்கு உங்களுக்குக் குழந்தை பிறந்தால் டேப்லெட், செல்போன் கொடுப்பீர்களா?” இருபது, இருபத்தொரு வயதுப் பிள்ளைகள். யோசிக்கவே இல்லை. “மாட்டோம் மேடம்” என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. சில வருடங்களுக்கு முன்பு இதே கேள்விக்கு “படிப்புக்கு நல்லதுதானே மேடம்?” என்று என்னையே மடக்கியவர்களின் நினைவு வந்தது.

ஏன் மாட்டீர்கள் என்று துருவினேன். கண் கெட்டுவிடும், மூளை மழுங்கிவிடும் என்று ஒப்பிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். முன் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். “ராத்திரி பத்து மணிக்குப் படுத்தால் இரண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் பார்க்கிறேன். போதும், வைத்துவிட வேண்டும் என்று தெரிகிறது. கை கேட்கவில்லை. எனக்கே இப்படி என்றால் மூன்று வயதுக் குழந்தை என்ன செய்யும்?” சிரிப்பு எழுந்தது. மறுத்துப் பேச ஒருவரும் இல்லை.

இவர்கள் 2003, 2004 வாக்கில் பிறந்தவர்கள். சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி ஊருக்குள் வந்தது. 2007இல் சுட்டி டிவி. 2016இல் ஜியோ வந்து டேட்டா தண்ணீர் பட்ட பாடாக ஆனபோது பன்னிரண்டு, பதின்மூன்று வயது. 2020இல் பள்ளிகளை மூடியபோது பாடமே செல்போனுக்குள் போய்விட்டது. தெருவில் விளையாடியதும் நினைவிருக்கிறது, செல்போனில் தொலைந்ததும் நினைவிருக்கிறது. பட்டுத் தெரிந்துகொண்டு பேசுகிறார்கள். என் வயதுக்காரர்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் உபதேசங்களைவிட இவர்கள் பேச்சை நான் அதிகம் மதிக்கிறேன்.

கடைசி வரிசையில் ஒரு பையன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நீ என்னப்பா சொல்கிறாய் என்றேன். “எங்கள் அம்மா வீட்டில் தையல் வேலை பார்க்கிறார்கள். அக்கா வேலைக்குப் போகிறபோது தன் குழந்தையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகும். கையில் போனைக் கொடுத்தால்தான் மிஷின் ஓடும். இல்லை என்றால் ஊசிக்கடியில் கையை விட்டுவிடுவான். கொடுக்காதே என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது?”

அன்றைய பேச்சுக்கு நான் எழுதிக்கொண்டு போயிருந்த குறிப்புகளை அப்போதே மடித்து வைத்தேன்.

என்னிடம் வரும் குழந்தைகளில் ஒரு வகையை அடிக்கடி பார்க்கிறேன். வயது இரண்டரை இருக்கும். ஏ முதல் இசட் வரை சொல்வான். எல்லோ, பர்ப்பிள், ஆரஞ்சு எல்லாம் அமெரிக்க உச்சரிப்பில் வரும். பெற்றோருக்கு அதில் ஒரு பெருமை. தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான், அல்லது அழுவான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ‘இவ்வளவு சொல்கிறானே, ஏன் பேச மாட்டேன் என்கிறான்?’ என்று கேட்பார்கள். சொல்வது வேறு, பேசுவது வேறு. பேச்சுக்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

இதற்கு அழகான ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவில் பட்ரீசியா கூல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2003இல் வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகள். ஒரு பிரிவுக்குச் சீன மாண்டரின் மொழி பேசும் ஒருவர் நேரில் உட்கார்ந்து கதை படித்தார், பொம்மைகளைக் காட்டி விளையாடினார். மொத்தம் பன்னிரண்டு முறை. மற்றவர்களுக்கு அதையே வீடியோவாகவோ ஒலிப்பதிவாகவோ கொடுத்தார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றிருந்தன. வீடியோ பார்த்தவையும் ஒலிப்பதிவு கேட்டவையும் ஒன்றும் கற்கவில்லை. ‘ரைம்ஸ் போட்டுவிட்டால் தானாகப் பேச்சு வந்துவிடும்’ என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

அளவு எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு வயது முடியும் வரை வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. வெளியூர் உறவினரோடு எப்போதாவது வீடியோ அழைப்பில் பேசுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. துபாயில் இருக்கும் அப்பா திரையில் தெரிந்து “என்னடா தங்கம், சாப்பிட்டாயா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார் அல்லவா, அந்தக் காத்திருப்பு கார்ட்டூனில் கிடையாது.

இந்த இடத்தில் கொஞ்சம் கோபத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். ‘வர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று ஒரு பெயர் யூடியூப் முழுக்க உலவுகிறது; செல்போன் பார்த்துப் பார்த்தே வரும் ஆட்டிசமாம். மருத்துவ வகைப்பாட்டில் அப்படி ஒரு நோய் கிடையாது. ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு; செல்போன் அதை உண்டாக்குகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை. ஆனால் இந்தப் பெயரை வைத்து எத்தனை மாமியார்கள் எத்தனை மருமகள்களை அழ வைத்திருக்கிறார்கள் என்பதற்கு என் அறையின் நாற்காலி சாட்சி.

இதைவிட மோசமானதும் நடக்கிறது. ஒரு குடும்பம் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) குழந்தை பேசாததற்குச் செல்போன்தான் காரணம் என்று தாங்களே முடிவுசெய்து, அதைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். பேச்சு வரும், வரும் என்று எட்டு மாதம் காத்திருந்தார்கள். என்னிடம் வந்ததும் வழக்கம்போல முதலில் காது கேட்கும் சோதனைக்கு அனுப்பினேன். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. அந்தக் குழந்தை செல்போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டதைப் பிடிவாதம் என்று நினைத்திருந்தார்கள். எட்டு மாதம் என்பது அந்த வயதில் சின்னக் கணக்கு இல்லை. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, விரல் நீட்டி எதையும் காட்டவில்லை, இரண்டு வயதில் ‘பால் தா’, ‘அப்பா வா’ என்று இரண்டு சொல் சேர்க்கவில்லை என்றால், செல்போன் பார்க்கிற குழந்தையோ பார்க்காத குழந்தையோ, சோதனை செய்துவிடுங்கள்.

இனி அந்தப் பையன் கேட்டதற்கு வருகிறேன். ‘செல்போன் கொடுக்காதே’ என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். செல்போன் அந்த வீட்டில் ஒரு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. சோறு ஊட்டுகிறது, தூங்க வைக்கிறது, தையல் மிஷினிடமிருந்து குழந்தையைக் காப்பாற்றுகிறது. அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் யார் உட்காருவது? ஆள் வைத்துக்கொள்ள வசதி உள்ள வீட்டில் டேப் இல்லாமல் வளர்ப்பது ஒரு கொள்கை. தனியாக இருக்கும் தாய்க்கு அது இன்னொரு பாரம். கல்யாணம் ஆகாத பிள்ளைகள் ‘மாட்டோம்’ என்று சொல்லும்போது அந்தத் தாயை நினைத்துச் சொல்வதில்லை. ‘நான் மாட்டேன்’ என்று அடித்துச் சொன்ன மாணவர்களிடம் “சரி, குழந்தைக்குச் சோறு யார் ஊட்டுவீர்கள்?” என்று கேட்டேன். பையன்கள் பக்கம் சட்டென்று அமைதியாகிவிட்டது.

தையல்கார அம்மாவுக்கு நான் சொன்ன யோசனை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. குழந்தையைத் தரையில், மிஷின் எட்டாத தூரத்தில், ஆனால் முகம் தெரியும் இடத்தில் உட்கார வையுங்கள். ஒரு அகலக் கூடை, அதில் துணி வெட்டு, காலி நூல்கண்டு, மூடி போட்ட டப்பா (வாயில் போடும் வயது என்றால் தொண்டைக்குள் போகாத அளவில்). தைத்துக்கொண்டே பேசுங்கள்: ‘இது சிவப்புத் துணி, இதைப் போடு, அதை எடு.’ கை வேலையில் இருக்கட்டும், வாய் சும்மாதானே இருக்கிறது! முழு நாளும் இப்படி ஓடாது. அரை மணி நேரம் ஓடினாலே லாபம். மீதி நேரத்துக்கு அங்கன்வாடி இருக்கிறது. இரண்டு வயது முடிந்தால் சேர்த்துக்கொள்வார்கள்.

பருப்புக் கடைந்து, உள்ளங்கையிலிருந்து அக்குள் வரை நண்டு ஊரவிடும் விளையாட்டு எல்லா அப்பத்தாக்களுக்கும் தெரியும். என் தொழிலில் இதற்கு ஈடான கருவி இல்லை. விரல் ஒவ்வொன்றையும் மடக்கி முடித்ததும் அப்பத்தா ஒரு கணம் நிறுத்துவார். குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்கும். அந்த ஒரு கணத்தில்தான் பேச்சு முளைக்கிறது: இனி என்ன வரும் என்று ஊகிப்பது, கண்ணைப் பார்ப்பது, ‘இன்னும்’ என்று கேட்பது. நான் பெற்றோருக்குக் கற்றுத்தருவதில் பாதி, அந்த நிறுத்தத்தைக் கொஞ்சம் நீட்டுவதுதான். ஆனால் இப்போது அப்பத்தாவின் மடியில் பேரனும், எதிரில் மாலை ஆறு மணி முதல் சீரியலும் இருக்கின்றன. ‘செல்போன் தொடவே விட மாட்டோம்’ என்பார்கள். டிவி நாள் முழுக்க ஓடும். டிவி ஓடும் நேரத்தில் பெரியவர்கள் குழந்தையிடம் பேசுவது குறைந்துவிடுகிறது.

நம் கையில் இருக்கும் செல்போனும் கணக்கில் வரும். எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருந்த தாய், திடீரென முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் சில நிமிடம் இருக்க வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, கத்துகிறது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ரீல்ஸ் பார்க்கும் அப்பாவின் முகத்தை அருகில் படுத்திருக்கும் குழந்தையின் இடத்திலிருந்து பாருங்கள், ஏறக்குறைய அந்த முகம்தான்.

நிறுத்துவது என்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதல் நான்கைந்து நாள் வீடு ரணகளமாக இருக்கும். உருண்டு புரண்டு அழும், சோறு இறங்காது. சாப்பாட்டு நேரத்திலிருந்து தொடங்குங்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டாம். இரண்டு வாய் குறைவாகச் சாப்பிட்டால் குழந்தை இளைத்துவிடாது. வீட்டில் ஒருவர் மட்டும் ‘பாவம், அழுகிறான்’ என்று மூன்றாம் நாள் ரகசியமாகக் கொடுப்பார். பெரும்பாலும் தாத்தா. அவரை முதலிலேயே உட்கார வைத்துப் பேசிவிடுங்கள்.

சோதனைக்கு எங்கே போவது என்று அந்தப் பையன் வெளியே வந்து கேட்டான். அக்கா பையனுக்கு இரண்டே கால் வயதாம், இன்னும் ஐந்தாறு சொல்தானாம். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இருக்கிறது. காது, பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றையும் கட்டணம் இல்லாமல் பார்ப்பார்கள். விவரம் எழுதிக் கொடுத்தேன். போகும்போது விளையாட்டுச் சாமான் இரண்டு எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அங்கே காத்திருக்கும் நேரம் அதிகம்.