கோரைக்கு எண்ணெய் வாங்குமுன் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள்

விதைப்பு முடிந்து மூன்று கிழமை ஆனதும் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான். "சேர், வயலெல்லாம் கோரை. எந்த எண்ணெய் நல்லம்?" எண்ணெய் என்று அவர்கள் சொல்வது களைகொல்லி மருந்தை. கிழக்கிலங்கையில் சம்மாந்துறை வயல்வட்டையிலிருந்து வந்தாலும் படுவான்கரையிலிருந்து வந்தாலும் கேள்வி மாறுவதில்லை. என் பதிலும் மாறாது: ஒரு செடியை வேரோடு பிடுங்கி, சேற்றைக் கழுவி, படம் எடுத்து அனுப்புங்கள்.

வேரைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கறுத்த கிழங்கு தொங்கினால் அது சைப்பரஸ் ரொட்டண்டஸ், தோட்டக்காரரின் தலைவலி. மேலே வெட்டினாலும் கிழங்கிலிருந்து திரும்ப வரும். ஆனால் தண்ணீர் கட்டும் வயலில் நாம் அதிகம் காண்பது அதுவல்ல. கிழங்கே இல்லாமல் சிவந்த நார்வேர்க் கொத்து மட்டும் இருக்கும் ஓராண்டுக் கோரை அது. பன்பாய் இழைக்கும் பன்னுக்கும் இதற்கும் குடும்பம் ஒன்று, குணம் வேறு. பன் பல வருடம் நிற்கும். இது ஒரு போகத்துக்குள் பிறந்து, பூத்து, செத்தும் விடும்.

எங்கள் பக்கத்து வயல்களில் முதலில் தேட வேண்டியது சைப்பரஸ் டிஃபோமிஸ். தண்டை விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள், உருளாது. மூன்று விளிம்பும் தட்டுப்படும். நெல்லிலும் புல்லிலும் கணு இருக்கும், தண்டு உள்ளே பொள்ளல். கோரையின் பூந்தண்டில் கணுவே கிடையாது, உள்ளே நிரம்பியிருக்கும். உச்சியில் நீண்ட இலைகள் இரண்டு மூன்று, அவற்றின் நடுவே நெருங்கிய உருண்டைத் தலைகள். முதலில் பச்சை, முற்றினால் கபிலம். தலைகள் உருண்டையாக இல்லாமல் மஞ்சள் கலந்த கதிர்களாக நீண்டு நின்றால் அது சைப்பரஸ் இரியா. 1753இலேயே லின்னேயஸ் பெயரிட்ட செடி. வெயிலையும் சூட்டையும் நன்றாகப் பயன்படுத்தும் சீ-4 வகை என்பதால் சிறுபோகத்தில் கவனம் தேவை. மூன்றாவது ஃபிம்பிரிஸ்டைலிஸ். அதன் அடி விசிறிபோல் தட்டையாக விரிந்திருக்கும். முக்கோணத் தண்டை மட்டும் நம்பினால் இதைத் தவறவிடுவீர்கள்.

சரி, ஓராண்டுச் செடி என்று தெரிந்து என்ன பயன்? அதன் பலமும் பலவீனமும் விதை ஒன்றுதான். டிஃபோமிஸ் முளைத்து ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே விதை முற்றிவிடும். ஒரு செடி 50,000 விதை வரை தரும். மூன்றரை மாத நெல்லில் அதற்கு இரண்டு தலைமுறை கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த விதை ஒரு மில்லிமீற்றரைக்கூட எட்டாதது. உள்ளே சேமிப்பு இல்லை. வெளிச்சம் பட வேண்டும், மண்ணின் மேல்தோலில் கிடக்க வேண்டும், ஈரம் வேண்டும். கொஞ்சம் ஆழத்தில் புதைந்தாலோ மேலே தண்ணீர் நின்றாலோ முளை வெகுவாகக் குறையும்.

இப்போது நம் விதைப்பை நினைத்துப் பாருங்கள். சேறாக்கி, பலகையடித்து, தண்ணீரை வடித்து, முளைகட்டிய நெல்லை வீசுகிறோம். வெயில் படும் ஈரச்சேறு, அதுவும் நாள்கணக்கில். கோரை கேட்டதெல்லாம் கொடுத்தாயிற்று. நாற்று நடுகையில் முதல் நாளிலிருந்தே தண்ணீர் நிற்பதால் தொல்லை குறைவு. இன்றைய கூலிக்கு ஏக்கர் கணக்கில் நடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மட்டப்படுத்தலாமே! வயலில் கோரை எங்கே அடர்ந்திருக்கிறது என்று வரம்பில் நின்று பார்த்தால் மேட்டுத் திட்டுகள் தானாகத் தெரியும். தண்ணீர் ஏறாத இடமெல்லாம் கோரை. இரண்டாவது போத்தலுக்குச் செலவழிக்கும் காசை மட்டப்படுத்தலுக்குப் போடுவது மேல் என்பது என் கணக்கு. பிறகு நெல் தாங்கும் அளவுக்குச் சிறிது சிறிதாக உயர்த்தி, இரண்டு அங்குலத் தண்ணீரை இறங்காமல் நிறுத்துங்கள். வாய்க்காலில் முறைத் தண்ணீர் எந்த நாள் என்று வாய்க்கால் தண்ணீரைப் பார்க்கும் வட்டவிதானையிடம் கேட்டு அதற்கேற்ப விதைப்பை வைத்தால் பாதி வேலை முடிந்தது.

வாய்ப்பிருந்தால் முதல் உழவுக்குப் பின் ஈரத்தை விட்டு இரண்டு கிழமை பொறுங்கள். மேலே கிடந்த விதை முளைத்து வரும். அதை மேலோட்டமாகக் கலக்கி அழித்துவிட்டு விதையுங்கள். ஆழமாக உழுதால் கீழே உறங்கும் பழைய விதை மேலே வந்துவிடும்.

எண்ணெய் அடிக்கத்தான் வேண்டுமென்றால், செடி இரண்டு நான்கு இலையில் இருக்கும்போது அடியுங்கள். பூத்தபின் அடிப்பது கடைக்காரருக்கு மட்டுமே இலாபம். ஒவ்வொரு போகமும் ஒரே வகை மருந்தையே வாங்காதீர்கள். பென்சல்ஃபியூரோன் மெதைல் என்ற களைகொல்லியையே திரும்பத் திரும்பத் தெளித்த கலிபோர்னியா, அவுஸ்திரேலியா வயல்களில் 1990களிலேயே அதற்குச் சாகாத டிஃபோமிஸ் வந்துவிட்டது. பெயர் வேறான இரண்டு போத்தல்களில் ஒரே வகை மருந்து இருக்கலாம். ஆகவே லேபலில் உள்ள இரசாயனப் பெயரைப் பாருங்கள். இன்னொன்று, கோரை நிற்கும்போது யூரியா போட்டால் முதலில் சாப்பிடுவது கோரைதான். களையை முடித்துவிட்டு உரத்துக்குப் போங்கள்.

தலை கபிலமான செடியைக் கையால் பிடுங்கினால் வரம்பில் வீச வேண்டாம், வாய்க்காலில் வேண்டவே வேண்டாம். விதை மிதந்து அடுத்தவர் வயலுக்குப் போகும். சாக்கில் கட்டி மேட்டுக்குக் கொண்டுபோய், காய்ந்ததும் எரித்துவிடுங்கள். வாடகைக்கு வரும் உழவு இயந்திரத்தின் சில்லுச் சேற்றையும் வயலுக்குள் இறங்குமுன் கழுவச் சொல்லுங்கள். ஓட்டுநர் தம்பி முகம் சுளித்தாலும் பரவாயில்லை.