கூகுளில் தேடத் தெரிந்தால் மட்டும் போதுமா?

டிஜிட்டல் இடைவெளி என்றதும் போன் இருக்கிறதா, நெட் வருகிறதா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். கொரோனா காலத்தில் அப்பா வேலை முடிந்து போனோடு வீடு வரும்வரை காத்திருந்து, ராத்திரியில் வாட்ஸப் வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த அரசுப் பள்ளி ஆசிரியராகச் சொல்கிறேன், அந்தக் கேள்வி அவசியம்தான். ஆனால் அதைத் தாண்டியும் ஒரு பள்ளம் இருக்கிறது: தேடிக் கிடைத்ததை நம்பலாமா என்று பார்க்கத் தெரிவது.

கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் எடுத்த 2023 அசர் (பிள்ளைகளின் படிப்பு நிலையை அளக்கும்) ஆய்வில், சுமார் 90 சதவீத வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது. அதே ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஒருவரால் தாய்மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக்கூடத் தடையில்லாமல் வாசிக்க முடியவில்லை. போனைப் பயன்படுத்தத் தெரிந்த ஆண்களில் 43.7 சதவீதம் பேர் சொந்தமாகப் போன் வைத்திருந்தார்கள், பெண்களிலோ 19.8 சதவீதம் பேர்தான்.

பள்ளியின் ஹைடெக் கம்ப்யூட்டர் லேபில் உட்காரவைத்து ஏதாவது தேடச் சொன்னால், புக் பேக் கேள்வியை அப்படியே டைப் செய்கிறார்கள், தமிழில் டைப் செய்ய வராதவர்கள் வீட்டுக்குப் போய்ப் போனில் மைக்கை அழுத்திக் கேட்கிறார்கள், மேலே எது வருகிறதோ அது நோட்டுக்குப் போய்விடுகிறது. மேலே வந்தது விளம்பரமாக இருக்கலாம், இப்போதெல்லாம் ஏஐ தொகுத்துத் தரும் நாலு வரியாகவும் இருக்கலாம். யார் எழுதியது, எப்போது எழுதியது என்று பார்ப்பதே இல்லை. இது சோம்பேறித்தனம் இல்லை, பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. படித்த அண்ணனோ அத்தையோ இருக்கும் வீட்டில் "இது டுபாக்கூர், தொடாதே" என்று சொல்ல ஆள் உண்டு. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு யார்? இலவச லேப்டாப் தருகிறோம், ஆதார் எண்ணைப் போடுங்கள் என்று வரும் லிங்க்கில், தளத்தின் பெயர் அரசுக்கு உரிய gov.in என்று முடிகிறதா என்று பார்க்கத் தெரியாவிட்டால் நஷ்டம் குடும்பத்துக்கே.

வசதியான நாட்டிலும் இது தானாக வருவதில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 3,446 உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சோதித்து 2019-இல் வெளியிட்ட முடிவில், பருவநிலை பற்றிய ஒரு தளத்துக்குப் பின்னால் எண்ணெய், நிலக்கரித் துறையின் தொடர்பு இருப்பதை 96 சதவீதத்துக்கு மேற்பட்டோர் கவனிக்கவே இல்லை. செய்தி சரிபார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தையே முறைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள், இன்னொரு டேபைத் திறந்து அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடுவார்கள். சொல்லிக் கொடுத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும். கேரளத்தில் பள்ளிகளின் தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் அரசு அமைப்பான கைட் நிறுவனம் 2022-இல் பொய்ச்செய்தியைக் கண்டுபிடிக்கப் பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சியே கொடுத்தது.

என் வகுப்பில் ஒரு கேள்விக்கு இரண்டு தளங்களையாவது திறக்க வேண்டும், விடைக்குக் கீழே எந்தத் தளம், யார் எழுதியது, எந்த ஆண்டு என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத நோட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களும் ப்ராஜெக்ட் வாங்கும்போது இதையே கேளுங்கள், அப்புறம் பெற்றோரே, படிக்க என்று மகள் போன் கேட்டால் தம்பிக்குக் கொடுக்கும் அதே நேரத்தை அவளுக்கும் கொடுங்கள்.