குக்கர் வெடித்தால் யார் பொறுப்பு? திரும்பப் பெறுதலும் இழப்பீடும்

ஒரு பொருளில் ஆபத்தான குறை இருப்பது தெரிந்து, நிறுவனம் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுவிட்டால் விவகாரம் அத்துடன் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். திரும்பப் பெறுவது, இனி யாருக்கும் காயம் ஏற்படாமல் தடுப்பதற்காக. ஏற்கெனவே கை வெந்தவருக்கும் வீடு எரிந்தவருக்கும் இழப்பீடு கேட்கும் உரிமை அதற்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இந்த இரண்டையும் வெவ்வேறு அமைப்புகளிடம் ஒப்படைத்திருக்கிறது.

திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி, வாங்கியவர்களுக்கு விலையைத் திருப்பித் தரவும் அது ஆணையிடலாம். பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்ட பிறகும் தரமற்ற குக்கர்கள் இணையத்தில் விற்கப்பட்டதால், 2022-இல் அமேசான் வழியாக விற்ற 2,265 குக்கர்களையும் ஃபிளிப்கார்ட் வழியாக விற்ற 598 குக்கர்களையும் திரும்பப் பெறும்படி அது உத்தரவிட்டு, தலா 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. இரு நிறுவனங்களும் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடின. அவ்வளவு பெரிய வணிகத்துக்கு 1 லட்சம் ஒரு தொகையே அல்ல. ஆனால் இணையத்தில் கடைவிரிக்க இடம் கொடுப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்று ஆணையம் எடுத்த நிலைப்பாடு முக்கியமானது.

வாகனங்களைத் திரும்பப் பெற மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவும், உணவுப் பொருள்களுக்கு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டமும் தனியாக இருக்கின்றன. கலப்பட உணவால் மரணம் நேர்ந்தால் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று பின்னதன் 65-ஆவது பிரிவு சொல்கிறது.

இனி, பாதிக்கப்பட்ட தனி மனிதரின் வழி. பெரும்பாலும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும்; இது மேலே சொன்ன மத்திய ஆணையத்திலிருந்து வேறானது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, போதுமான எச்சரிக்கையோ சரியாகப் பயன்படுத்தும் முறையோ தராதது, இவற்றில் ஒன்றை நிறுவினால் போதும். தயாரிப்பாளர் அலட்சியமாக இருந்தார் என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. தயாரித்தவர் யார் என்றே தெரியாத மலிவுப் பொருளாக இருந்தால், விற்ற கடைக்காரரே பொறுப்பாளி ஆகிவிடுவார். பொருளைத் தவறாகப் பயன்படுத்தினாலோ மாற்றியமைத்தாலோ நம் கோரிக்கை பலவீனமாகும்; வாங்கியபின் யார் யார் அதைப் பிரித்துப் பழுதுபார்த்தார்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும்.

சட்டத்தின் பார்வையில் 'பாதிப்பு' என்பது உடல் காயம், நோய், மரணம், பிற உடைமைகளுக்கு ஏற்பட்ட சேதம், அவற்றோடு வந்த மன வேதனை. வெடித்த குக்கரின் விலை இதில் சேராது. அந்தப் பணத்தை அதே புகாரில் பொருள் குறைபாட்டுக்கான தனிக் கோரிக்கையாக எழுத வேண்டும்.

எந்தக் குறைதீர் ஆணையத்துக்குப் போவது என்பதை, நாம் கேட்கும் இழப்பீட்டுத் தொகை தீர்மானிப்பதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலைதான் தீர்மானிக்கிறது. 50 லட்சம் வரை மாவட்டம், 2 கோடி வரை மாநிலம், அதற்கு மேல் தேசிய ஆணையம். கார் தீப்பிடித்துக் கணவரை இழந்த ஒரு பெண் 50 கோடிக்கும் மேல் இழப்பீடு கேட்டபோதும், காரின் விலை 50 லட்சத்துக்குள் இருந்ததால் மாவட்ட ஆணையத்துக்கே போக நேர்ந்தது. இந்த ஏற்பாடு செல்லும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு இது முழுதாக ஒப்பவில்லை. உயிருக்கான இழப்பீட்டுக்கும் பொருளின் விலைக்கும் என்ன தொடர்பு? ஆயினும் சாதாரணக் குடும்பங்களுக்கு இதில் ஓர் ஆதாயம் உண்டு: 5 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணமே கிடையாது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை.

பெரும்பாலான வழக்குகள் தடுக்கி விழுவது ஆதாரத்தில்தான். உடைந்த பொருளைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறோம், அல்லது 'ஆய்வுக்கு அனுப்புகிறோம்' என்று வரும் நிறுவன ஊழியரிடம் ரசீதுகூட வாங்காமல் கொடுத்துவிடுகிறோம். குறையைக் கண்டறியச் சோதனை தேவையென்றால் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அனுப்புவதற்குப் பொருள் இருக்க வேண்டுமே. ஆகவே பொருளை அப்படியே பத்திரப்படுத்துங்கள். விபத்து நடந்த இடத்தைப் படம் எடுத்து, பில், உத்தரவாத அட்டை, மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். மாற்றுப் பொருள் தரும்போது நீட்டும் தாளைப் படித்துவிட்டே கையெழுத்திடுங்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி அதில் இருக்கக்கூடும்.

திரும்பப் பெறுவது வேறு, இழப்பீடு வேறு என்பதற்குச் செயற்கை இடுப்பு மூட்டு விவகாரம் கசப்பான உதாரணம். ஜான்சன் அண்டு ஜான்சனின் ஏ.எஸ்.ஆர். மூட்டு 2010-இல் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் இழப்பீட்டுச் சூத்திரம் வர 2018 ஆனது. 30 லட்சத்திலிருந்து 1.23 கோடி ரூபாய் வரை என்று அரசு முடிவு செய்தது. ஆனால் அந்த மூட்டு பொருத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

புகாருக்குக் கால வரம்பு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் ஏற்கலாம், அதை நம்பியிருக்க வேண்டாம். முதற்கட்ட ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.