உணவுக் கழிவா, உணவு விரயமா?

'ஃபுட் வேஸ்ட்' என்பதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் கை தானாகவே 'உணவுக் கழிவு' என்று எழுதிவிடும். நானும் வெகுகாலம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தபோதுதான் அந்தச் சொல் உறுத்தியது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 105 கோடி டன் உணவு இந்தக் கணக்கில் சேர்ந்தது என்கிறது அந்த அறிக்கை. நுகர்வோருக்கு எட்டும் நிலைக்கு வந்த உணவில் இது 19 விழுக்காடு. '105 கோடி டன் உணவுக் கழிவு' என்று எழுதிப் பார்த்தேன். தோலும் எலும்பும் கொட்டையும்தான் கண்ணுக்குள் வந்தன. அவையும் அந்தக் கணக்கில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அறிக்கை கவலைப்படுவது, சாப்பிட்டிருக்கக்கூடிய உணவு குப்பைக்குப் போவதைப் பற்றி.

'கழிவு' என்ற சொல்லின் மீது எனக்குக் கோபம் இல்லை. கழிதல் என்றால் கடந்து போதல், நீங்குதல். கழித்தல் என்றால் நீக்குதல். காலம் கழிகிறது, கணக்கில் கழிக்கிறோம், விலையில் கழிவு தருகிறார்கள். இவை எதிலும் அழுக்கு இல்லை. கழிவுநீர், கழிவறை, தொழிற்சாலைக் கழிவு என்று ஒரே திசையில் புழங்கிப் புழங்கி, கடைசியில் 'அப்புறப்படுத்த வேண்டிய அசிங்கம்' என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டது. ஒன்றைக் கழிவு என்று சொன்ன மாத்திரத்தில் அடுத்த கேள்வி 'எங்கே கொட்டலாம்?' என்றுதான் வரும். 'ஏன் இந்த நிலைக்கு வந்தது?' என்று யாரும் கேட்பதில்லை.

ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. 'வேஸ்ட்' பழைய பிரெஞ்சு வழியாக இலத்தீனின் 'வாஸ்டுஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கு வெறுமையான, பாழான என்று பொருள். பரந்து விரிந்ததைக் குறிக்கும் 'வாஸ்ட்', அழித்துப் பாழாக்குவதைக் குறிக்கும் 'டெவஸ்டேட்' இரண்டும் அதே குடும்பம்தான். பாழ்நிலத்தைக் குறித்த சொல் பாழாக்கும் செயலையும் குறித்தது, அப்புறம் அதனால் மிஞ்சும் குப்பையையும் குறித்தது. ஆங்கிலத்தில் செயலுக்கும் பொருளுக்கும் ஒரே சொல். தமிழில் செயலுக்கு விரயம், பொருளுக்குக் கழிவு என்று தனித்தனியே இருக்கின்றன. ஆக, மொழிபெயர்ப்பவர் எது என்று முடிவு செய்தே ஆக வேண்டும். யோசிக்காமல் எழுதினால் குப்பைதான் ஜெயிக்கும்.

கூடவே இன்னொரு சொல் வருகிறது: 'ஃபுட் லாஸ்'. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு இவ்விரண்டையும் கறாராகப் பிரிக்கிறது. அறுவடைக்குப் பிறகு சேமிப்பு, போக்குவரத்து, பதப்படுத்தல் என்று வரும் வழியில், சில்லறை விற்பனைக்கு முன்பே குறைந்துபோவது 'லாஸ்'. சில்லறைக் கடை, உணவகம், வீடு ஆகிய கட்டங்களில் போவது 'வேஸ்ட்'. இதே அமைப்பு 2011இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டையும் ஒன்றாகக் கூட்டித்தான், உலகின் உணவில் மூன்றில் ஒரு பங்கு, ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டன் போகிறது என்று சொல்லியிருந்தார்கள். 2019இல் 'லாஸ்' பகுதியை மட்டும் பிரித்துக் கணக்கிட்டபோது சுமார் 14 விழுக்காடு வந்தது. இந்த எண்களைத் தமிழில் ஒரே சொல்லால் எழுதினால், 105 கோடியா 130 கோடியா என்று வாசகர் குழம்புவார். குழம்புவது அவர் தப்பில்லை.

இந்தப் பிரிவினை இலக்கணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். உலக நாடுகள் ஐக்கிய நாடுகள் அவையில் ஏற்றுக்கொண்ட நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 12.3 என்ற எண்ணில் வரும் இலக்கு, 2030க்குள் கடையிலும் நுகர்வோரிடமும் நேரும் தலா விரயத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. வழியில் நேரும் இழப்பைப் பற்றிப் பேசும்போது 'குறைக்க வேண்டும்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஒன்றுக்குப் பாதி என்ற அளவுகோல், மற்றொன்றுக்கு அளவே இல்லை. கணக்கெடுப்பவர்களும் வேறுவேறு: இழப்பை உணவு வேளாண்மை அமைப்பு கவனிக்கிறது, விரயத்தைச் சுற்றுச்சூழல் திட்டம் கவனிக்கிறது. சொல் மாறினால் பொறுப்பாளியே மாறிவிடுகிறார்.

சரி, தமிழில் என்ன செய்யலாம்? நம் வினைச்சொற்களிலேயே பாதி விடை இருக்கிறது. வீணாதல், வீணடித்தல். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. உணவு வீணாகிறது என்றால் யார் செய்தது என்ற கேள்வி எழுவதில்லை, வீணடிக்கிறார்கள் என்றால் உடனே எழுகிறது. வீண்பேச்சு, வீண்செலவு, வீண்பழி என்று இந்த 'வீண்' போகுமிடமெல்லாம் 'தேவையே இல்லாமல் நடந்தது' என்ற குற்றச்சாட்டைத் தூக்கிக்கொண்டு போகும். ஆனால் 'லாஸ்' என்பதற்கு 'வீணாதல்' என்று போட எனக்குத் தயக்கம் உண்டு. குளிர்பதனக் கிடங்கு கட்டாமல் விட்டதும், சாலை போடாமல் விட்டதும் யாரோ எடுத்த முடிவுகள்தானே? தானாக வீணாயிற்று என்று எழுதினால் அவர்கள் தப்பித்துவிடுவார்கள். 'உணவு இழப்பு' நடுநிலையான சொல், போதும். பொன் வேலையில் உருக்கி அடிக்கும்போது குறைவதைச் 'சேதாரம்' என்பார்கள். வழியில் கரைந்துபோகும் உணவுக்கு அதைவிடக் கச்சிதமான சொல் இல்லை என்று எனக்குள் ஓர் ஆசை. ஆனால் நகைக் கடையை விட்டு அந்தச் சொல் வெளியே வராது போலிருக்கிறது.

'ஃபுட் வேஸ்ட்' என்பதற்கு 'உணவு விரயம்'. விரயம் தூய தமிழ்ச்சொல் அல்ல, வடமொழி 'வியய' என்பதிலிருந்து வந்தது. மூலப்பொருள் வெறும் செலவு. இன்றும் சோதிடத்தில் 'சுப விரயம்' என்றால் நல்ல காரியத்துக்கான செலவு என்றுதான் அர்த்தம். நல்ல செலவுக்கும் பொதுவாக இருந்த சொல், பேச்சு வழக்கில் பயனில்லாத செலவுக்கு மட்டும் ஒதுங்கிக்கொண்டது. தனித்தமிழ் வேண்டுவோர் 'உணவு வீணடிப்பு' என எழுதலாம், தவறே இல்லை. ஆனால் ஒரு சட்டத்தின் பெயரில் அது கொஞ்சம் திட்டுவதுபோல ஒலிக்கும். வீட்டைப் பார்த்துத்தான் அந்த விரல் முதலில் நீளும். அந்த 105 கோடி டன்னில் வீடுகளின் பங்கு 63.1 கோடி, உணவகம் முதலிய உணவுச் சேவைகளின் பங்கு 29 கோடி, சில்லறைக் கடைகளின் பங்கு 13.1 கோடி. வீட்டைச் சொல்வதில் நியாயம் இருக்கிறது, முழு நியாயம் இல்லை.

எந்த நாடு எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டதோ, சட்டமும் அந்தப் பக்கமே சாய்ந்திருப்பதைப் பார்க்கலாம். தென் கொரியாவில் இதற்கு வழங்கும் பெயரில் 'சுரெகி' என்ற சொல் இருக்கிறது. நேர்ப்பொருள் குப்பை. 2005இல் உணவுக் குப்பையை நேரடியாக நிலத்தில் புதைப்பதைத் தடை செய்தார்கள். காற்றுப் புகாமல் அழுகும் உணவு மீத்தேனை வெளியிடும், கசிவு நீர் மண்ணைக் கெடுக்கும் என்பதால் அந்தத் தடைக்கு வலுவான காரணம் உண்டு. 2013இல் போடும் அளவுக்கேற்பக் கட்டணம் வந்தது. இன்று அந்நாட்டின் உணவுக் குப்பையில் பெரும்பகுதி தீவனமாகவும் உரமாகவும் எரிவாயுவாகவும் மாறுகிறது. குப்பை நிர்வாகம் என்று பார்த்தால் அபாரம். பிரான்சில் சொல் 'கஸ்பியாஷ்', அதாவது ஊதாரித்தனம். 2016 பிப்ரவரி 11 தேதியிட்ட சட்டத்தின் தலைப்பிலேயே அது இருக்கிறது. விற்காமல் போன நல்ல உணவைச் சாப்பிட முடியாதபடி வேண்டுமென்றே கெடுப்பதை அச்சட்டம் தடுத்தது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் தொண்டு அமைப்புகளோடு நன்கொடை ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்றது. கொரியச் சட்டம் தொட்டிக்குள் விழுந்ததைப் பற்றிப் பேசுகிறது, பிரெஞ்சுச் சட்டம் தொட்டிக்குப் போகும் கையைப் பிடிக்கிறது.

ஜப்பானில் ஒரு வேடிக்கை. 2019இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய சட்டத்தின் பெயரில் 'ரோசு' என்ற சொல் இருக்கிறது. ஆங்கிலத்தின் 'லாஸ்'தான் அப்படி ஆகிவிட்டது. ஆனால் அங்கே அது குறிப்பது, இன்னும் உண்ணத்தக்க நிலையில் எறியப்படும் உணவை, வீட்டில் எறிவதையும் சேர்த்து. அப்படிப் பார்த்தால் ஜப்பானிய 'லாஸ்' நம் 'விரயம்'. ஜப்பான் எண்ணை எடுத்து உலக 'இழப்பு' எண்ணின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வரையறையில் எனக்குப் பிடித்த விநோதம் ஒன்று உண்டு. அங்கே கழிவாகிவிட்ட உணவுதான் 'உணவுக் கழிவு'. அறுவடைக்கு முன் செடியில் இருப்பது சட்டப்படி உணவே அல்ல. ஆகவே விலை கிடைக்காமல் வயலிலேயே உழுதுவிடப்படும் பயிர் எந்தக் கணக்கிலும் வராது. 2025இல் ஒன்றியம் 2030க்கான கட்டாய இலக்குகளை வைத்தது. பதப்படுத்தும் தொழிலில் 10 விழுக்காடு, கடை, உணவகம், வீடு சேர்ந்த கட்டத்தில் தலைக்கு 30 விழுக்காடு குறைக்க வேண்டும். பண்ணைக்கு இலக்கு இல்லை.

இத்தாலி 2016இலேயே தன் சட்டத்தில் இரண்டு சொற்களைத் தனித்தனியே வரையறுத்துவிட்டது: மிஞ்சிய உணவுக்கு ஒன்று, விரயத்துக்கு ஒன்று. மிஞ்சுவது குற்றமல்ல, மிஞ்சியதைத் தேவைப்படுபவரிடம் போய்ச் சேரவிடாமல் செய்வதுதான் விரயம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. தமிழில் முன்னதற்கு 'உபரி உணவு' என்று எழுதுகிறார்கள். 'மிகை உணவு' என்றாலும் சரி. 'மிச்சம்' வேண்டாம், தட்டில் விட்டதையும் அது குறித்துவிடும், அப்புறம் வாங்கிக்கொள்பவரின் கௌரவத்துக்கு இடிக்கும்.

கடைசியாக ஒரு சொல், 'காலாவதி'. காலம், அவதி இரண்டும் சேர்ந்தது. அவதி என்றால் இங்கே எல்லை. பொட்டலத்தில் அச்சிடும் இரண்டு வகைத் தேதிகளுக்கும் நாம் இந்த ஒன்றையே சொல்கிறோம். ஒரு வகை, அந்த நாளுக்குப் பின் சாப்பிடுவது ஆபத்து என்கிறது. மற்றது, அந்த நாள் வரை சுவையும் மணமும் முழுசாக இருக்கும் என்று தயாரிப்பாளர் தரும் உறுதி மட்டும். அது தாண்டினால் உணவு கெட்டது என்று பொருளில்லை. பிரிட்டனில் பல பெரிய கடைகள் 2022இல் இந்த இரண்டாம் வகைத் தேதியைப் பல காய்கனிகளின் உறையிலிருந்து எடுத்தே விட்டன. நம் காதில் இரண்டும் 'காலாவதி' என்றே விழுவதால் இரண்டும் ஒன்றாகவே தொட்டிக்குப் போகின்றன. முதல் வகையைப் 'பாதுகாப்பு நாள்' என்றும் இரண்டாவதைத் 'தர நாள்' என்றும் அச்சிடலாம். உறையில் இடமும் அதிகம் பிடிக்காது.